குளிரான வீட்டில் சக்குலன்ட் துண்டுகளுக்கு வேர் வரவைப்பது எப்படி?

தடித்த இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்து வைக்கும் சக்குலன்ட் செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி மண்மேல் போட்டாலே போதும், தானாக வேர் விட்டுவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெப்பமான இடத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். குளிரான இடத்தில் அதே இலை வாரக்கணக்கில் எந்த மாற்றமும் இல்லாமல் கிடக்கும். பிறகு அதன் அடிப்பகுதி வெளிறி, ஒளி ஊடுருவும்படி ஆகி, தொட்டால் கூழாக நசுங்கும். செய்தவர் சொன்னபடிதான் செய்திருப்பார். ஆனால் அந்த முறை வேறொரு தட்பவெப்பத்துக்கானது.

குளிரில் இதைச் செய்ய நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது: அந்தத் துண்டிடம் தண்ணீர் போதுமான அளவு இருக்கிறது, குறைவாக இருப்பது சூடு. வேர் வரவில்லையே என்றதும் பெரும்பாலானோர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். குளிரில் துண்டைக் கொல்ல அதைவிட வேகமான வழி இல்லை. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் பருவம், மண், சட்டி, வெளிச்சம் என்று மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம்.

துண்டுக்குள் என்ன நடக்கிறது

சாதாரணச் செடியின் போத்தை, அதாவது நடுவதற்கான தண்டுத் துண்டை, வெட்டினால் சில மணி நேரத்தில் வாடத் தொடங்கும். நீரை உறிஞ்ச வேர் இல்லை, இலைகளோ நீரை இழந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அத்தகைய போத்துகளை உடனே ஈர மண்ணில் ஊன்றி, பாலிதீன் பையைக் கவிழ்த்து மூடிவைக்கிறார்கள். சக்குலன்டுக்கு இந்த இரண்டுமே வேண்டாம். அதன் இலையும் தண்டும் தடித்திருப்பதே நீரைச் சேமித்து வைக்கத்தான். தோலின்மேல் மெழுகுப் படலம் இருக்கிறது. பல வகைகள் இலைத்துளைகளைப் பகலில் மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். இரவில் இழுக்கும் கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக மாற்றிச் சேர்த்து வைத்து, பகல் வெளிச்சம் வந்ததும் அதிலிருந்து உணவு தயாரிக்கும். பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் இந்தியாவில் ரணகள்ளி இலையை மென்று பார்த்து, காலையில் புளிப்பாக இருப்பது நண்பகலில் சுவையற்றுப் போகிறது என்று எழுதினார். அது 1815இல் வெளியானது. இரவில் சேரும் அந்த அமிலத்தைத்தான் அவர் நாக்கு கண்டுபிடித்திருக்கிறது.

வறட்சி கடுமையானால் பல சக்குலன்ட்கள் இரவிலும் துளைகளைத் திறப்பதில்லை. தன் சுவாசத்தில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடையே உள்ளுக்குள் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டு, வளராமலும் நீரை அதிகம் இழக்காமலும் காத்திருக்கும். வேரற்ற ஒரு துண்டு மேசைமேல் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்க முடிவது இதனால்தான்.

இனி வெட்டுவாய்க்கு வருவோம். முழங்கால் சிராய்ப்பில் பொருக்கு கட்டுவதுபோல அங்கே மேற்புறச் செல்கள் காய்ந்து, அவற்றுக்குக் கீழே உள்ள செல்களின் சுவர்களில் சூபெரின் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருள் படிகிறது. பாட்டில் மூடும் தக்கையில் இருப்பதும் இதே பொருள்தான். நீர் வெளியேறுவதையும் பூஞ்சை உள்ளே நுழைவதையும் இந்தப் படலம் தடுக்கிறது. இதற்கிடையில், தண்டின் நுனியிலும் இளம் இலைகளிலும் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் வழக்கம்போலக் கீழ்நோக்கி இறங்கி வருகிறது. முன்பு வேர்வரை போய்க்கொண்டிருந்தது, இப்போது வழி முடிந்துவிட்டதால் வெட்டுக்கு அருகிலேயே தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் அங்குள்ள செல்களில் சிலவற்றை மறுபடி பிரிந்து பெருகத் தூண்டி, வேர்முனைகளாக மாற்றுகிறது.

இவை எல்லாம் சூட்டைப் பொறுத்து வேகம் மாறும் வினைகள். துண்டின் அடிப்பகுதி 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் இருந்தால் பொதுவான வகைகள் பலவும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் வேர் காட்டும். 15 டிகிரிக்குக் கீழே போனால் அது மாதக்கணக்கில் இழுக்கும். 10 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான வகைகளில் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது. அழுகல் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் இப்படி நின்றுவிடுவதில்லை. காற்றில் ஈரம் இருந்தால் சாம்பல் பூசணம் 15, 20 டிகிரியிலேயே செழிக்கும். வேரழுகல் உண்டாக்கும் பித்தியம் இனங்களில் சில குளிர்ந்த ஈர மண்ணிலேயே சுறுசுறுப்பாக இருப்பவை. வேர் முந்துமா அழுகல் முந்துமா என்ற போட்டியில், குளிர் வேரைப் பிடித்து நிறுத்திவிட்டு அழுகலுக்கு அவகாசம் கொடுக்கிறது. ஆனால் ஈரம் இல்லாத இடத்தில் அழுகல் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. அந்த ஈரத்தை நாம் கட்டுப்படுத்த முடியும்.

எப்போது வெட்டலாம்

வசந்தத்தின் பிற்பகுதியிலிருந்து கோடையின் நடுப்பகுதி வரை வெட்டுங்கள். பகல் நீளமாக இருக்கும், வீட்டுக்குள் இரவிலும் ஓரளவு சூடு நிற்கும். எல்லாவற்றையும்விட, வேர் விட்ட சிறு செடிக்குக் குளிர்காலம் வருமுன் மூன்று நான்கு மாதம் வளரக் கிடைக்கும். பலருக்கும் இலையுதிர்காலத்தில்தான் கத்தரி எடுக்கத் தோன்றும். வெளியே இருந்த செடிகளை உள்ளே கொண்டுவரும்போது, நீண்டு தொங்கும் கிளைகளைப் பார்த்தால் கை பரபரக்கும். சூடு கொடுக்க வழி இல்லையென்றால் அந்த ஆசையை அடுத்த வசந்தம் வரை தள்ளிப்போடுவதே நல்லது.

விதிவிலக்குகள் உண்டு, குளிர்ப் பகுதியில் அவைதான் நமக்கு வரம். அயோனியம் கேனரி தீவுகளைச் சேர்ந்த செடி. அங்கே கோடை வறண்டது, மழை குளிர்காலத்தில்தான். அதனால் கடும் வெப்பத்தில் அது தூங்கும், மிதமான குளிரில் வளரும். இலையுதிர்காலத்தில் 12 முதல் 20 டிகிரி இருக்கும் அறையில் அதன் போத்து நன்றாகவே வேர் விடும். செம்பர்விவம் ஐரோப்பிய மலைகளில் பனியைத் தாங்கி வளர்வது. தாய்ச்செடியைச் சுற்றி வரும் சிறு கன்றுகளைப் பிரித்துத் திறந்தவெளியிலேயே நடலாம். தரையோடு படரும் குளிர் தாங்கும் செடம் வகைகளின் சிறு துண்டுகளைக் கிள்ளி மண்ணில் அழுத்திவிட்டாலே பிடித்துக்கொள்ளும். வீட்டில் சூடேற்ற வசதி குறைவாக இருக்கிறது, முதல்முறை செய்யப்போகிறீர்கள் என்றால் இவற்றிலிருந்து தொடங்குங்கள் என்பேன். ரோஜாப்பூ வடிவில் இலைகளை அடுக்கும் எச்செவேரியா பார்க்க அழகுதான், ஆனால் குளிரில் முதல் பாடத்துக்கு அது சரியான செடி கிடையாது.

சரி, நடுக்குளிர்காலத்தில் செடி கீழே விழுந்து ஒரு கிளை முறிந்துவிட்டால்? பதற வேண்டாம். முறிந்த துண்டைச் சுத்தமாக வெட்டி, ஈரமில்லாத, 10 முதல் 15 டிகிரி உள்ள, நேர்வெயில் படாத இடத்தில் அப்படியே வைத்துவிடுங்கள். தடித்த கிளை பல வாரம் தாங்கும். கள்ளித் துண்டுகள் மாதக்கணக்கில் தாங்கும். நீளமான துண்டைப் படுக்க வைத்தால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், அதனால் காலியான சட்டிக்குள் நிமிர்த்தி வையுங்கள். சில நேரம் வசந்தத்துக்கு முன்பே தண்டிலிருந்து மெல்லிய வேர்கள் தானாக எட்டிப் பார்க்கும்.

எந்தச் செடியில் எதை எடுப்பது

எல்லாச் சக்குலன்டும் இலையிலிருந்து வராது. எச்செவேரியா, கிராப்டோபெட்டலம், ஜேட் செடி, குண்டு இலை செடம் ஆகியவற்றில் வரும். இவற்றில் புதுச் செடியும் வேரும் கிளம்புவது இலையின் அடியில், தண்டோடு ஒட்டியிருந்த அந்தச் சின்ன விளிம்பிலிருந்துதான். அது தண்டிலேயே தங்கிவிட்டால் மீதி இலை எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் பயனில்லை. வேர்கூட விடலாம், ஆனால் தளிர் வராது.

ஆகவே இலையைக் கழற்றுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. முதலில் செடிக்குச் சில நாள் தண்ணீர் கொடுக்காதீர்கள், நீர் நிரம்பிய இலை எளிதில் உடையும். தண்டின் கீழ்ப்பகுதியில் நன்கு முற்றிய, சுருங்காத இலையாகப் பாருங்கள். இலையின் அடிப்பக்கத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, இடவலமாக மெதுவாக அசையுங்கள். மேல்நோக்கி இழுக்க வேண்டாம். ஒரு பக்கம் விடுபட்டதும் மறுபக்கம் தானாகக் கழன்றுவரும். அடியைத் திருப்பிப் பாருங்கள். சரியாக வந்த இலையின் அடிநுனி மூடியதுபோல வழவழப்பாக, லேசாகக் குழிந்து, ஒரு சின்னப் பிறை வடிவில் இருக்கும். ஈரமாகக் கிழிந்து, உள்ளிருக்கும் சதை தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். ஓர் இலையை நம்பி இருக்காமல் ஐந்தாறாக எடுங்கள், குளிரில் எல்லாம் தேறாது.

தண்டுப் போத்து இலையைவிட வேகமானது, நம்பகமானதும்கூட. குளிர்ப் பகுதியில் என் வாக்கு எப்போதும் தண்டுக்குத்தான். போத்திடம் சேமிப்பு அதிகம், ஆக்சின் தரும் நுனி இருக்கிறது, வேர் வந்த நாளிலிருந்தே அது ஒரு முழுச் செடி. எச்செவேரியா இலையிலிருந்து கைக்கடக்கமான செடி உருவாக ஓராண்டு ஆகலாம். ஜேட் செடியில் 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கிளையை, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடியில் இருக்கும் ஒன்றிரண்டு ஜோடி இலைகளை நீக்குங்கள். வெளிச்சம் போதாமல் கழுத்து நீண்டுபோன எச்செவேரியாவுக்கும் இதுவே மருந்து. தலையைக் கீழே 2, 3 சென்டிமீட்டர் தண்டோடு வெட்டி எடுத்து வேர் விட வைக்கலாம். சட்டியில் மிஞ்சிய மொட்டைத் தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் பக்கங்களில் புதுக் கன்றுகள் வரும்.

சோற்றுக்கற்றாழையின் இலையை நட்டுக் காத்திருப்பது வீண், அழுகத்தான் செய்யும். அதன் பக்கக்கன்றைப் பிரித்து நடுங்கள். அயோனியத்திலும் தனி இலை உதவாது, தண்டு வேண்டும். ஹவொர்த்தியா இலையில் வரலாம், ஆனால் பொறுமையைச் சோதிக்கும். பக்கக்கன்று இருந்தால் அதையே எடுங்கள். ஸ்னேக் பிளான்ட் இலையைக் குறுக்காகத் துண்டுபோட்டு நடலாம். ஆனால் எது அடிப்பக்கம் என்று வெட்டும்போதே பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாக நட்டால் வேர் வராது, காரணம் ஆக்சினின் போக்கு ஒரே திசையில்தான். இலையோரத்தில் மஞ்சள் பட்டை உள்ள வகை என்றால், இலைத்துண்டிலிருந்து வரும் புதுச் செடியில் அந்தப் பட்டை இருக்காது, வெறும் பச்சையாகத்தான் வரும். பட்டை வேண்டுமென்றால் வேர்க்கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

யூபோர்பியா வகைக் கள்ளிகளை வெட்டும்போது கவனம். வெள்ளைப் பால் வடியும். அது தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறை போட்டுக்கொண்டு, வெட்டுவாயை வெதுவெதுப்பான தண்ணீரில் பால் நிற்கும்வரை காட்டி, பிறகு துடைத்துக் காயவிடுங்கள். குழந்தைகளோ வீட்டு விலங்குகளோ அருகில் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

வெட்டுவது, காயவிடுவது

கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கும், நசுங்கிய செல்கள்தான் அழுகலின் வாசல். ஆல்கஹாலில் துடைத்த பிறகு வெட்டுங்கள். அப்படியே இலைக் கக்கங்களையும் ஒருமுறை பாருங்கள், வெள்ளைப் பஞ்சுபோல ஏதாவது ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் அதைத் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பிறகு காயவிடுங்கள். புத்தகங்களில் இரண்டு மூன்று நாள் என்று இருக்கும். அது சூடான, வறண்ட காற்றுக்கான கணக்கு. குளிரான வீட்டில் மெல்லிய இலைக்கு ஒரு வாரம், விரல் தடிமன் தண்டுக்கு இரண்டு வாரம், தடித்த கள்ளிக்கு மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம். நாளை எண்ணாமல் வெட்டுவாயைத் தொட்டுப் பாருங்கள். வெளிறி, காய்ந்து, விரல் நகத்தால் தட்டினால் கெட்டியாக இருக்க வேண்டும். லேசாக ஒட்டினாலோ குளிர்ச்சியாக ஈரம் தட்டுப்பட்டாலோ இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு நாள் கூடுதலாகக் காய்ந்ததால் கெட்டுப்போன சக்குலன்ட் இல்லை. சமையலறை, குளியலறை போல நீராவி நிற்கும் அறைகளில் மட்டும் வைக்காதீர்கள்.

வேர்விடும் ஹார்மோன் பொடி தேவையா என்று கேட்பார்கள். அந்தப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது இண்டோல் பியூட்டிரிக் அமிலம், ஆக்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. தடித்த, முற்றிய தண்டுக்கு உதவலாம். மென்தண்டு சக்குலன்ட்களுக்கு அது இல்லாமலே வேர் வரும். பணத்தை அதில் போடுவதைவிட அடியில் சூடு கொடுக்கும் பாயில் போடுங்கள். சிலர் வெட்டுவாயில் தடவும் இலவங்கப்பட்டைத் தூள், தேன் இரண்டும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த வெட்டுக்கு வேறு பாதுகாப்பு எதுவும் தேவையில்லை.

மண்ணும் சட்டியும்

குளிரில் சட்டி காய அதிக நாள் எடுக்கும். ஆகவே மண் கலவை நீரை நிறுத்தி வைக்காததாக இருக்க வேண்டும். பாதிக்குப் பாதி, அல்லது அதற்கும் மேலாக, பெர்லைட் என்ற லேசான வெண்துகள், பியூமிஸ் என்ற நுரைக்கல், 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவுள்ள பொடிக்கல் ஏதாவது ஒன்றைக் கலந்துகொள்ளுங்கள். மீதிக்குச் சாதாரணச் சட்டி மண் போதும். நைசான மணலைச் சேர்க்காதீர்கள். அது இடுக்குகளை அடைத்து, நீரை வடியவிடாமல், காற்றையும் தடுக்கும். உரம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

சட்டி சின்னதாக இருக்கட்டும், 5 முதல் 7 சென்டிமீட்டர் வாய் போதும். பெரிய சட்டியில் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மண்சட்டியா பிளாஸ்டிக்கா என்பதில் குளிர்ப் பகுதிக்கு ஒரு நுணுக்கம் உண்டு. மண்சட்டி சீக்கிரம் காயும் என்று எல்லோரும் அதையே சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதன் சுவர் வழியாக நீர் ஆவியாகும்போது சட்டியும் குளிர்ந்துபோகும். சூட்டுப் பாயின்மேல் வைப்பதென்றால் மெல்லிய பிளாஸ்டிக் சட்டியே நல்லது, சூடு சட்டென்று மேலே ஏறும். சூடான அறையில் பாய் இல்லாமல் வைப்பதென்றால் மண்சட்டி.

நடும்போது கலவை காய்ந்திருக்க வேண்டும். போத்தை 2, 3 சென்டிமீட்டர் ஆழம் மட்டும் ஊன்றி, சாயாமல் நிற்க இரண்டு மூன்று கூழாங்கற்களை முட்டுக் கொடுங்கள். இலைகளைப் புதைக்க வேண்டாம். கலவைமேல் படுக்கவைத்து, அடிநுனி மண்ணை ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்படி விடுங்கள்.

சூடு எங்கிருந்து வரும்

அறையில் 20 டிகிரி இருக்கிறதே, அதற்குப் பிறகும் ஏன் வேர் வரவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் சட்டிக்குள் இருக்கிறது. ஈர மண்ணிலிருந்து நீர் ஆவியாகும்போது மண் குளிரும். அதனால் அறைக் காற்றைவிட மண் சில டிகிரி குறைவாகவே இருக்கும். அந்தச் சட்டி கண்ணாடி ஜன்னலின் விளிம்பில் இருந்தால் இரவில் நிலைமை இன்னும் மோசம். குறிப்பாகத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சட்டிகள் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் வீடுகளைப் பாருங்கள். அறையின் சூடு திரைக்கு இந்தப்பக்கமே நின்றுவிடும், செடிகள் இருக்கும் இடுக்கு வெளிக்குளிருக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பகலில் ஜன்னல், இரவில் அறைக்குள் மேசை என்று தட்டோடு தூக்கி மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

ஒரு சின்ன வெப்பமானி வாங்கி, அதன் முனையை மண்ணுக்குள் செருகி, ஓர் இரவு விட்டு அதிகாலையில் பாருங்கள். அறையின் அளவை நம்பாமல் இதை நம்புங்கள். மண் 18 டிகிரிக்குக் கீழே இருந்தால் அடியில் சூடு கொடுப்பது பலன் தரும்.

அதற்கென்றே விதை முளைக்க வைக்கும் மின்பாய்கள் கிடைக்கின்றன. சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்கி, அதன் உணர்முனையை மண்ணில் வைத்து, 22 டிகிரிக்கு அமைத்துவிட்டால் போதும். தெர்மோஸ்டாட் இல்லாத பாய் அறையைவிட 5 முதல் 10 டிகிரி வரை ஏற்றக்கூடும், கோடையில் அது அதிகம். அடியில் சூடும் மேலே சற்றுக் குளிர்ச்சியும் இருப்பது வேருக்கு மிகச் சாதகமான அமைப்பு: கீழே வேர் வேலை நடக்கும், மேலே தளிர் அவசரப்பட்டு நீளாது. குளிர்ப் பகுதியில் இருப்பவருக்கு இதில் ஒரு சின்ன ஆதாயமே இருக்கிறது, மேல்பக்கக் குளிர்ச்சி இலவசம்.

பாய் இல்லையென்றால் வீட்டில் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும் இடங்களைக் கையால் தடவித் தேடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் மேல்பக்கம், இணைய ரூட்டருக்கு மேலுள்ள அலமாரி போன்றவை. வெளிச்சம் குறைவு என்றாலும் காயம் காயும் நாட்களுக்கும் வேர் கிளம்பும் முதல் சில நாட்களுக்கும் அது பரவாயில்லை. தளிர் தெரிந்ததும் வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஹீட்டர்மேலோ ரேடியேட்டர்மேலோ நேரடியாக வைப்பது தவறு. 30 டிகிரியைத் தாண்டினால் வேர் விடுவது மறுபடி மந்தமாகும், துண்டும் வீணாகச் சுருங்கும்.

வெளிச்சம்

வேரில்லாத துண்டுக்கு நேர்வெயில் வேண்டாம், நல்ல வெளிச்சம் வேண்டும். பூமியின் வடபாதியில் தெற்குப் பார்த்த ஜன்னல், தென்பாதியில் வடக்குப் பார்த்த ஜன்னல், அதன் அருகே வெயில் நேராகப் படாத இடம். குளிர்கால மாதங்களில் அதுவும் போதாது. அப்போது செடி வளர்ப்புக்கான எல்இடி விளக்கை (க்ரோ லைட்) 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். சூட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். சூடு கொடுத்து வெளிச்சம் கொடுக்காவிட்டால் செடி வெளிறி நீண்டு கழுத்து தொங்கிவிடும்.

தண்ணீர்

வேர் வரும்வரை ஊற்றாதீர்கள். குளிரில் இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. வெப்பமான ஊர்க்காரர்கள் இலைகளுக்குத் தினமும் நீர் தெளிப்பார்கள், அங்கே ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். உங்கள் வீட்டில் அதே துளி இலையின் அடியில் இரவு முழுக்க நிற்கும். துண்டு கொஞ்சம் சுருங்குகிறதா? சுருங்கட்டும். சேமிப்பைச் செலவழிக்கிறது என்று அர்த்தம், அதற்குத்தான் அந்தச் சேமிப்பு.

வேர் வந்துவிட்டதா என்று தோண்டிப் பார்க்க வேண்டாம், முளைக்கும் வேர்முனை அதில் முறியும். போத்தை விரலால் மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். சட்டென்று கிளம்பாமல் மண்ணோடு பிடித்திருந்தால் வேர் இருக்கிறது. நடுவில் புது இலை பளபளப்பாகத் தெரிவதும், சுருங்கியிருந்த இலை நிமிர்வதும் அடுத்த அடையாளங்கள். இலைகளில் வேரைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிராப்டோபெட்டலத்தில் ரோஜா நிறத்தில் மெல்லிய நூல்களாகக் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். மண்ணைத் தொடாவிட்டால் அவற்றின் முனை காய்ந்துவிடும். அவற்றின்மேல் ஒரு சிட்டிகைக் கலவையைத் தூவி, அந்த ஓரத்தில் மட்டும் சொட்டு சொட்டாக நீர் விடுங்கள், இலைமேல் படாமல்.

போத்துக்கு முதல் தண்ணீர் அடியிலிருந்து. தட்டில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, சட்டியைப் பத்து நிமிடம் வைத்து எடுத்து, நன்றாக வடியவிடுங்கள். குழாயிலிருந்து வரும் சில்லென்ற நீர், கஷ்டப்பட்டு ஏற்றிய சூட்டை ஒரே நிமிடத்தில் இறக்கிவிடும். காலையில் ஊற்றினால் இரவுக் குளிருக்குள் மேல்மண் காய நேரம் கிடைக்கும். அடுத்த தண்ணீர் எப்போது என்பதைக் கை சொல்லும்: காய்ந்த சட்டியின் எடையை முதல்நாளே தூக்கிப் பழகிவிடுங்கள், அந்த எடைக்குத் திரும்பும்வரை காத்திருங்கள்.

கெட்டுப்போனால்

சுருக்கம் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. அடிப்பகுதி மஞ்சளாகி, நீர் கோத்து, கறுத்தால்தான் அழுகல். தண்டாக இருந்தால் இன்னும் காப்பாற்றலாம். கறுத்த இடத்துக்கு மேலே வெட்டுங்கள், வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் கத்தியைத் துடைத்துவிட்டு இன்னும் மேலே. முழுக்கச் சுத்தமான பச்சை வரும்வரை வெட்டி, மறுபடி காயவிட்டு, புதுக் கலவையில் நடுங்கள். அழுகிய இலையைக் காப்பாற்ற முடியாது, பக்கத்து இலைகளுக்குப் பரவுமுன் எடுத்துவிடுங்கள். மண்மேல் சின்னஞ்சிறு கறுப்பு ஈக்கள் சுற்றினால் மண் அளவுக்கு மீறி ஈரமாக இருக்கிறது என்று பொருள். அவற்றின் புழுக்கள் இளவேர்களைக் கடிக்கும். சட்டியைக் காயவிட்டாலே குறைந்துவிடும்.

இலையிலிருந்து வந்த கன்றோடு பழைய இலை ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிய்க்காதீர்கள். கன்று அதிலிருந்துதான் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. தாளாகக் காய்ந்த பிறகு தானே உதிரும்.

முதல் குளிர்காலம் வரும்போது அந்தச் சிறு செடிகளுக்குப் பெரிய செடிகள் அளவுக்குச் சேமிப்பு இருக்காது. ஆகவே அவற்றை முழுப் பட்டினி போடவும் முடியாது, தாராளமாக ஊற்றவும் முடியாது. 15 டிகிரிக்கு மேல் இருக்கும் வெளிச்சமான அறையில் வைத்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக நனையுங்கள். அறை 10 டிகிரிக்குக் கீழே போகும் வாரங்களில் அதையும் நிறுத்திவிட்டு, பகல் நீளத் தொடங்கியதும் மறுபடி ஆரம்பியுங்கள்.